பென்சில் மட்டும்

அடெல்ஃபி சாலையில் பேருந்து என்னை இறக்கிவிடும்போது
மணி ஒன்பதே கால்.
காலேஜ் பார்க் ஆவணக் காப்பகத்துக்குள்
பேனாவுக்கு அனுமதியில்லை.
பென்சில் அவர்களே தருவார்கள்.
போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மினசோட்டாவில் ஒரு பேராசிரியர்
இரு நாட்டு உறவைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்.
அவருக்காகப் பெட்டி திறப்பவள் நான்.
மணிக்கு இருபத்தெட்டு டாலர்.
வரலாற்றில் எனக்கு வாய்த்த பதவி அதுதான்.

டெலோரிஸ் தள்ளுவண்டியை உருட்டி வருகிறாள்.
மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி,
பெட்டியிலிருந்து ஒரு கோப்பு.
இரண்டு அரசாங்கங்கள் மூச்சுமுட்டச் சேர்த்துவைத்த கோபத்தை
இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க விடுகிறார்கள்.

முதல் பெட்டியில் கோதுமை.
கப்பல், டன் கணக்கு, துறைமுகம்.
ஓரத்தில் யாரோ நீல மையில்:
இந்த மாதத்துக்கு மட்டும்.
அடுத்த தாளிலும் அதே கை, அதே மை:
இந்த மாதத்துக்கு மட்டும்.
கொடுக்கிற கை மேலே இருக்கும், தெரிந்ததுதான்.
எத்தனை அங்குலம் மேலே என்பதை
டைப் அடித்து மூன்று பிரதி வைத்திருக்கிறார்கள்.

எழுபத்தொன்று, டிசம்பர்.
விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்குத் திரும்பிய வாரம்.
கோப்பு நல்ல கனம். திறந்தால்
பாதிக்கு மேல் வெறும் அட்டைகள்:
இத்தாள் நீக்கப்பட்டது.
நீக்கிய தேதி இருக்கிறது, நீக்கியவர் கையெழுத்து இருக்கிறது.
அட்டைகளையும் படமெடுத்து அனுப்பினேன்.
"அருமை" என்று பதில் வந்தது.

எனக்குப் பிடித்தது விருந்துப் பேச்சுகளின் வரைவு.
"நெருங்கிய நண்பர்கள்."
நெருங்கிய, அடிக்கப்பட்டிருக்கிறது.
அடுத்த வரைவில் நண்பர்களும் இல்லை.
சொல்ல ஒன்றுமில்லாத வருடங்களிலெல்லாம்
இரு பெரும் ஜனநாயகங்கள்.
கல்யாணத்தில் பேச்சுவார்த்தையற்ற சம்பந்திகள்
போட்டோவுக்கு மட்டும் தோள் உரசி நிற்பார்களே,
அப்படி.
சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது,
இணைப்பில் மெனு இருக்கிறது.

தொண்ணூற்றெட்டுக்கு எனக்குப் பெட்டி தேவையில்லை.
பாலைவனத்தில் குண்டு வெடித்தது மே மாதம்.
பூவராகன் அப்போது கல்பாக்கத்தில் பயிற்சியாளர்.
சிகாகோ மாநாட்டில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்தது,
விசா வரவில்லை.
தைத்து வாங்கிய கோட்டை
என்னைப் பெண் பார்க்க வந்த அன்று போட்டுக்கொண்டார்.
வெளியுறவுக் கொள்கையின் நேரடிப் பயன்
என்று நான் அறிந்தது இது ஒன்றே.

பத்து வருடத்தில் அதே அணுவுக்கு ஒப்பந்தம்.
அதற்கும் இரண்டு வருடம் கழித்து
விமானத்தில் ஏறினோம், ஐந்து வயதுப் பெண்ணோடு.
இப்போது ஜெர்மன்டவுனில் வாடகை வீடு.
கோட் சின்னதாகிவிட்டது.

நேற்றிரவு டிவியில் கூட்டறிக்கை படித்தார்கள்.
உறவு இவ்வளவு வலுவாக
எந்தக் காலத்திலும் இருந்ததில்லையாம்.
பூவராகன் போனில் மாத அட்டவணையைத் தேடிக்கொண்டிருந்தார்.
பச்சை அட்டை வரிசையில் எங்கள் தேதி
முன்னால் வரவேண்டியது,
ஐந்து மாதம் பின்னால் போயிருக்கிறது.
யாழினிக்கு மார்ச்சில் இருபத்தொன்று.
அன்றோடு அவள் எங்கள் கோப்பில் இல்லை,
தனித் தாள்.
நீக்கிய தேதி இருக்கும்.
கையெழுத்தும் இருக்கும்.

சாயங்காலம் வாசலில் காவலர்
என் மடிக்கணினியை விரித்து
திரைக்கும் விசைகளுக்கும் நடுவே பார்க்கிறார்,
எதையாவது எடுத்துக்கொண்டு போகிறேனா என்று.
தினமும் பார்க்கிறார்.
தினமும், "நல்லிரவு, மேடம்."

பென்சிலைக் கொடுத்துவிட்டேன்.
காலையில் வாங்கியதைவிடக் கொஞ்சம் குட்டை.
டெலோரிஸ் கேட்டாள், மீதிப் பெட்டிகளை
எடுத்துவைக்கவா, திருப்பி அனுப்பவா?
எடுத்துவை, வருவேன் என்றேன்.

பேருந்து பன்னிரண்டு நிமிடம் தாமதம்.