பாதிக்கு மேலே போனால்

கடைச் சுவரில் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்:
"காயில் கட்டும் செலவு
புது மோட்டார் விலையில் பாதிக்கு மேலே போனால்
புதுசே வாங்கிக்கொள்ளவும்."
சின்னத்தடாகத்தில் பதினாறு வருஷமாக
இதைச் சொல்லித்தான்
ஆட்களைத் தாட்டிவிடுகிறேன்.
வந்தவர் முகம் வாடும்.
கணக்கு வாடாது.

வார்னிஷ் அடுப்புக்குப் பக்கத்தில்
சாய்ந்து நிற்கிறது என் மலைசைக்கிள்.
இருபத்தாறு இஞ்ச் சக்கரம். பதினாறு கிலோ.
முன் சஸ்பென்ஷன் போன ஐப்பசி மழையோடு இறுகி
இப்போது வெறும் கம்பி.
மூன்றாம் கியருக்குத் தட்டினால்
ஐந்துக்குப் போய், யோசித்து,
நாலில் உட்காரும்.
பிரேக் பிடித்தால்
தடாகம் முழுக்கக் கேட்கும்.

காட்டூர் நவ்ஃபல் குத்தவைத்துப் பார்த்தான்.
"டிஸ்க் பிரேக் போடலாங்க்கா.
ஆனா அதுக்கு ஹப் மாத்தோணும்.
ஹப் மாத்துனா வீல் மாத்தோணும்.
ஃபோர்க்கு இப்பல்லாம்
தண்டு அடியில பெருத்து வருது,
உங்க ஃப்ரேம் கழுத்துல எறங்காது.
தேடோணும். கெடைச்சா
ஒட்டுக்கா மாத்திப்புடலாம்."
கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம் எழுதிக் கூட்டினான்:
முப்பத்து நாலாயிரத்து எழுநூறு.
புதுசு, ஐம்பத்தெட்டாயிரம்.
பாதி எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன்.
இரண்டு தரம் போட்டேன்.

செவ்வேள் ஒரு ஞாயிறு
அவனுடையதைக் கொடுத்தான்.
மாங்கரை தாண்டி, ஓடைத் தடத்தில் இறங்கினேன்.
கல்லெல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது,
என் மணிக்கட்டுக்கு மட்டும் சேதி வரவில்லை.
பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது.
ஒறம்பரை வீட்டுக்குப் போய்
அவர்கள் மெத்தையில் படுத்த மாதிரி.
தூக்கமும் வந்தது.

செவ்வாய்க்கிழமை,
வாழை போட்டிருக்கும் சென்னியப்பன்
எரிந்த சப்மெர்சிபிளை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார்.
மூன்றாம் முறை.
சுவரைக் காட்டினேன்.
"படிச்சேனுங்க" என்றார்.
"எறநூறு அடியில கேசிங் வளஞ்சு கெடக்குது.
இது குட்டை, நெளிஞ்சு எறங்கிக்குது.
புதுசு நீளமுங்க, சிக்கிக்குது.
மோட்டாரு வாங்கலாம்,
போரு யாரு போட்டுத் தருவாங்க?"

இதற்கு என் சுவரில் வரி இல்லை.
கட்டிக் கொடுத்தேன்.
கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தப்பியது.
அவிழ்த்து, முதலிலிருந்து சுற்றினேன்.

அன்றைக்குப் பொழுதோட
என் கதையிலும் எங்காவது
வளைந்த குழாய் ஒன்று கிடக்கிறதா என்று தேடினேன்.
கிடைத்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.
மலை புதுசையும் ஏறவிடும்.
தடத்துக்கு இது என்ன, அது என்ன.
நாற்பத்து மூன்று வயது முழங்கால்
புதுசைத்தான் கேட்கிறது, அதுவும் சத்தமாக.
சரி. புதுசு.

சீட்டு எடுக்கப் போனேன்.
பன்னிரண்டாயிரம் வரை தள்ளிக் கேட்டேன்.
பதிமூன்று என்றாள் பேக்கரி சுகந்தா,
மகளுக்கு ஹாஸ்டல் பணம் கட்டவேண்டுமாம்.
அடுத்த ஏலம் ஆவணியில்.

நவ்ஃபலிடம்
பிரேக் கட்டை மட்டும் மாற்றச் சொன்னேன்.
நூற்று எண்பது ரூபாய்.
"இதுக்காக்கா இத்தன யோசனை?"
பதில் சொல்லாமல்
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு, விடிந்தும் விடியாமல்,
இறக்கத்தில் அந்த வளைவு.
இரண்டு பக்கமும் உண்ணிப் புதர்.
தடத்தின் நடுவில் யானை லத்தி,
இன்னும் ஆவி அடங்காமல்.
பிரேக்கைப் பிடித்தேன்.
நின்றது. பஞ்சு மாதிரி.
சத்தமே இல்லை.

பதினாலு வருஷம்
ஒவ்வொரு திருப்பத்திலும்
எனக்கு முன்னால் போய் வழி கேட்ட கிறீச்சல்,
நூற்று எண்பது ரூபாய்க்குப் போயிருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு
வளைவுக்கு அந்தப் பக்கம்
நிற்பது யாரானாலும் கேட்கட்டும் என்று
நானே சொன்னேன்:
"வர்றேனுங்க."