எழுபத்தெட்டு சென்டிமீட்டர்

திறந்த முன்வாசலில்
சிவப்புத் தார்ப்பாயை விறைப்பாக இழுத்துக் கட்டி
நடுவில் ஒரு விசிறியைப் பொருத்துகிறார் வாகுர்.
காலைப் படகில் வந்தவர்,
மாலைப் படகைப் பிடிக்க வேண்டும்.
"வீட்டின் மூச்சை வெளியே இழுப்பேன்.
எங்கே பொத்தல் என்று அதுவே சொல்லிவிடும்."

பதினாறு மாதம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்தோம்.
இது மூன்றாவது அக்டோபர்.
ஹீயுமா தீவில் காற்று எழும்பினால் படகு நிற்கும்,
படகு நின்றால் குளியலறை ஓடு அக்கரையிலேயே கிடக்கும்.
ஓட்டுக்குக் காத்திருந்து சலித்த கொத்தனார்
பின்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.
அவருடைய கரண்டி மட்டும்
எங்கள் வாளியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்துக் கேரவனில் மூன்று பேர், ஓர் அடுப்பு.
தார்மோ புரண்டு படுக்க வேண்டுமானால்
நானும் புரள வேண்டும்.

கோடை முழுக்கச் சிமெண்ட் தரை காய மறுத்தது.
காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல்
காலையும் மாலையும் ஈரமானியை வைத்துப் பார்த்தோம்.
நான்கு. மூன்றரை. மறுபடி நான்கு.
யாரோ ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.
யார் என்று ஒரு சண்டை.

நேற்றிரவு டார்ச்சோடு நடந்து
குறையுள்ள இடமெல்லாம் நீல டேப் ஒட்டினேன்.
வலப்பக்கம் திறக்க வேண்டிய அலமாரி இடப்பக்கம் திறக்கிறது.
மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை.
சமையலறைச் சுவரில், ஈரப் பூச்சில்,
ஒரு பூனையின் கால் தடம்.
எங்களிடம் பூனை கிடையாது.
மொத்தம் முப்பத்தொன்று.

விசிறி சுழலத் தொடங்குகிறது.
மாடியில் ஒரு கதவு தானே சாத்திக்கொள்கிறது.
புகைக்குச்சியைக் கொளுத்தி
சுவரோரமாக, காது வைத்துக் கேட்பவர்போல் நடக்கிறார் வாகுர்.
ஜன்னல்களில் புகை நேராக நிற்கிறது.
மூன்று இரவு முட்டி போட்டு அவற்றின் விளிம்பை ஒட்டிய தார்மோ
ஒன்றும் சொல்லாமல்
கைகளைக் கட்டிக்கொள்கிறான்.

மாடியறையில்தான் புகை வளைந்தது.
கதவோரச் சுவிட்சிலிருந்து
யாரோ ஊதுவதுபோல்.
"இது ஏன் இவ்வளவு கீழே?" என்றார் வாகுர்.

மின்பணியாளர் உயரம் கேட்ட அன்று
சுவர் இல்லை, மரச்சட்டங்கள் மட்டும்.
மிர்தெலுக்கு ஐந்து வயது. இருட்டென்றால் அழுகை.
நிமிர்ந்து நின்று கையை நீட்டினாள்.
அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.
இருட்டில் யாரையும் கூப்பிடாமல்
அவளே விளக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று.

இப்போது எட்டு முடிந்துவிட்டது.
கேரவனுக்கு வெளியே, நடு இரவில்,
பைன் மரங்களுக்குப் பின்னாலிருக்கும் கழிவறைக்குத்
தனியாகப் போய் வருகிறாள்.
துணைக்கு வரட்டுமா என்றால்
முகம் சுளிக்கிறாள்.

சுவிட்ச் அவள் இடுப்புக்கு வந்துவிட்டது.

"இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லையே," என்றான் தார்மோ.
"திங்கட்கிழமை ஆளைக் கூப்பிட்டால் ஒரு மணி நேர வேலை.
மேலே ஏற்றிவிடலாம். எல்லா வீட்டிலும் இருப்பதுபோல்."
நான் பூச்சைத் தடவிக்கொண்டிருந்தேன்.
கோடு எங்கே போயிருக்கும்,
எத்தனை விரற்கடை உள்ளே.

மூச்சு வாங்கப் படியேறி வந்தாள் மிர்தெல்.
தாடை வரை புத்தகப் பெட்டி. யார் கொண்டுவரச் சொன்னது?
நாங்கள் நிற்பதைப் பார்க்கக்கூட இல்லை.
இடுப்பால் ஓர் இடி.
விளக்கு எரிந்தது.
"நகருங்க," என்றாள்.

சுவிட்ச் மூடியைக் கழற்றி
விளிம்பு முழுக்கச் சிலிக்கான் பிதுக்கினேன்.
வாகுர் மறுபடி புகை பிடித்துப் பார்த்தார். நேராக நின்றது.
ஒரு தாளில் எண்ணை எழுதி, கையெழுத்திட்டு,
விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் படகுக்கு.

ஒரு நீல டேப்பை உரித்தேன்.
முப்பது.

கீழேயிருந்து தார்மோவின் குரல்:
"அந்தப் பூனை திரும்ப வந்திருக்கு."