ஃப்ராவ் லிண்ட்னரின் வீட்டுக்காரர்

வண்ணார்பேட்டையில் டயர் கடைக்கு மேல் மாடி.
கீழே கம்ப்ரசர் இரையும்போது
மேலே நாங்கள்
ஜெர்மன் வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குத்
தள்ளிக்கொண்டிருப்போம்.
தமிழில் அது தானாகவே அங்கேதான் கிடக்கிறது என்பது
யாருக்கும் ஆறுதலாக இல்லை.

பதினொரு நர்சுகள்.
ஐந்து பேர் என்னைவிட மூத்தவர்கள்.
நைட் டூட்டி முடித்து
ஹைகிரவுண்டிலிருந்து நேரே வருகிறவர்கள்
டெர், டீ, டாஸ் என்று முணுமுணுத்தபடியே
கண் செருகுவார்கள்.

கரண்டி ஆண்பால்.
முள்கரண்டி பெண்பால்.
கத்தி இரண்டும் இல்லை.
சிறுமியும் இரண்டும் இல்லை என்றேன் ஒருநாள்.
"பொட்டப்புள்ள எப்படி சார் 'அது' ஆவும்?"
முப்பிடாதி விடவில்லை.
"நாம மட்டும் என்னவாம்,
அந்தப் புள்ள வந்துச்சு, போச்சுன்னுதான சொல்லுதோம்"
என்றாள் ஜெபக்கனி.
அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

நான் அந்த நாட்டுக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன்.
ரொட்டிக்கடை வரிசையில் என் முறை வந்தது.
கடைக்காரப் பெண் ஏதோ ஒரு வார்த்தை கேட்டாள்.
புரியவில்லை.
"என்னது?" என்று கேட்க வாய் வரவில்லை.
பின்னால் ஆட்கள்.
தலையை ஆட்டினேன். கொடுத்ததைத் தின்றேன்.
என் சான்றிதழில் தொண்ணூற்று நான்கு.

ஒன்பதாம் பாடம், இறந்தகாலம்.
சால்வையைப் போர்த்திக்கொண்டு நோயாளி ஆனேன்.
ஃப்ராவ் லிண்ட்னர், வயது எண்பத்திரண்டு,
இடுப்பெலும்பு முறிவு, நினைவு தப்பிவிட்டது.
"என் வீட்டுக்காரர் எங்கே?"
என்று அவள் மொழியில் கேட்டேன்.

ஜெபக்கனி எழுந்தாள்.
துணைவினை சரி, விகுதி சரி,
வினை கடைசியில், பிசிறே இல்லை:
"உங்கள் கணவர் ஆறு வருஷத்துக்கு முன்பு இறந்துவிட்டார்."
வகுப்பு கைதட்டியது.
சால்வைக்குள் எனக்கு
ஒருமாதிரி ஆகிவிட்டது.

திரும்பவும் கேட்டேன்.
அவளுக்குத்தான் நினைவிருக்காதே.

முப்பிடாதி ஆலங்குளத்துக்காரி,
எலும்பு வார்டில் எட்டு வருஷம்.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
என் காலடியில் இல்லாத தலையணையை ஒதுக்கிவிட்டாள்.
அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்:
"ஆளு... பேரு... என்ன?
அவரு நல்லவரு? குடிக்க காபி அவரு?"
அவள் ஜெர்மன் இந்த லட்சணத்தில்தான் இருந்தது.
பால் தவறு, வேற்றுமை தவறு,
வினை நடுரோட்டில் நின்ற மாடு.

அந்த மனுஷனுக்கு நான் பெயரே வைத்திருக்கவில்லை.
யாராவது கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.
ஹெல்முட் என்றேன்.
தச்சு வேலை என்றேன்.
காபிக்குச் சர்க்கரை மூன்று கரண்டி,
நான் திரும்பினால் நாலு.
மழைக்காலத்தில் கதவெல்லாம் உப்பிக்கொள்ளும்,
ஊரே அவரைத் தேடிவரும் என்றேன்.
என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாத ஜெர்மன்
வந்துகொண்டே இருந்தது.

பிடிபடாத இடத்திலெல்லாம்
பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டினாள்:
"வீ பிட்டே?"
என்னது? கொஞ்சம் மெதுவா.
ஒன்பது தடவை. கூச்சமே இல்லை.
நான் வேறு வார்த்தை தேடினேன்,
அதுவும் புரியாமல்
உளியை நடித்துக்காட்டினேன்.

மதிப்பெண் தாளில்
இலக்கணத்துக்கு ஒரு கட்டம், உச்சரிப்புக்கு ஒரு கட்டம்.
ஓரத்தில் பென்சிலால் இன்னொன்று வரைந்தேன்.
அதற்கு என்ன தலைப்பு எழுதுவது?
அழித்துவிட்டேன்.
தேர்வு சென்னையில், பதினாலாம் தேதி.
அங்கே தாள் திருத்துகிறவருக்கு
இடுப்பு வலிக்காது.

ஆகவே மறுநாளும் கரண்டி, முள்கரண்டி, கத்தி.
முப்பிடாதி முப்பதுக்குப் பதினொன்று.
தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"சார், அந்த ஹெல்முட்டுக்குப் புள்ளைக உண்டா?"
தமிழில் கேட்காதே என்றேன்.
நெற்றியைச் சுருக்கினாள்.
விரல்விட்டு எண்ணி, எதையோ மாற்றிப்போட்டு,
கேட்டாள்.

கீழே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.

"வீ பிட்டே?"
என்றேன்
நான்.