இருநூற்று ஐம்பது சொற்களுக்குள்

கடினமான முடிவு ஒன்றை நீங்கள் எடுத்த தருணத்தை
இருநூற்று ஐம்பது சொற்களுக்குள் விவரிக்கவும்.

இருபத்திரண்டு வயதில்
படகுக் குழுவை விட்டு விலகியதுதான்
என் கைவசம் இருந்த ஒரே கடினமான முடிவு.
அதையே எழுதினேன். கொஞ்சம் மெருகும் போட்டேன்.
மூன்றாம் சுற்றுவரை கொண்டுபோய் விட்டது.
லண்டனில் ஒரு கண்ணாடி அறை, ஐந்து பேர்.
இல்லாத ஊருக்கு இல்லாத பாலம்
கட்டலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசினோம்.
வேண்டாம் என்றவள் நான் மட்டும்.

ஒன்றரை மதிப்பெண்.
காலிஃபிளவரை ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது
ஏப்ரனுக்குள் கைபேசி அதிர்ந்து சொன்னது.
பட்டதாரிகளுக்கான நேர்வாசல்
அடுத்த செப்டம்பர்வரை சாத்தியிருக்கும்.

வாடகையில் பாதி கொடுக்கும் டெக்வென்தான்
பக்கவாசல்களைத் தேடத் தொடங்கினாள்.
சிறையில் எழுத்தர், இரவுப்பணி.
அபெரிஸ்ட்வித்தில் மானியப் படிவம் சரிபார்க்கப் பதினோரு வாரம்.
வெல்ஷ் எழுதப் படிக்கத் தெரிந்தால் கார்டிஃப்பில் ஏதோ ஒன்று.
கார்டிஃப் பதில் போட்டது:
தேறிவிட்டீர்கள், நாற்காலி இல்லை.
காத்திருப்போர் பட்டியலில் பதினேழாவது இடம்.
எந்தத் துறையும் அதை எடுத்துப் பார்க்கலாமாம்.
பன்னிரண்டு மாதம் கெடாது,
நல்ல சீஸ் மாதிரி.

அதுவரை ஸ்வான்சீ, ஓட்டுநர் உரிம அலுவலகம்,
தபால் அறை. கால் காசு வேலை;
அதுவும் அரசாங்கக் காசு இல்லை, ஏஜென்சிக் காசு.
ஒப்பந்தம் நீளுமா என்பது
மாதக் கடைசி வெள்ளி, மாலை ஐந்துக்குத்தான் தெரியும்.
அதற்குள் மழைக்கோட்டை மாட்டியிருப்பேன்.
நீளும். கழற்றி மாட்டுவேன்.
இயந்திரம் விழுங்க மறுத்த உறைகளையெல்லாம்
கையால் பிரிப்பேன்.
இறந்த கணவரின் உரிமத்தைத் திருப்பி அனுப்பிய ஒருத்தி
அவர் பார்க்கிங்குக்கு வைத்திருந்த ஒரு பவுண்டு நாணயத்தையும்
செல்லோடேப்பில் ஒட்டி அனுப்பியிருந்தாள்.
அதைப் போட எங்களிடம் தட்டு எதுவும் இல்லை.
மூன்று நாள் என் மேசையிலேயே கிடந்தது.

பிப்ரவரியில் யாரோ பிரசவ விடுப்பில் போக,
மூன்றாம் மாடி, மருத்துவப் பிரிவு.
இட்வால் பெய்னன். தீவன லாரி ஓட்டுபவர்.
ஒரு வலிப்பு, ஒரே ஒரு முறை, காலை உணவு மேசையில்.
தடைக் கடிதத்தின் அடியில் என் பெயர்.
அழைத்தார். நீ யாரம்மா?
தற்காலிக ஊழியர், என்றேன்.
என் வலிப்பும் தற்காலிகம்தான், என்று சிரித்தார்.
அப்புறம் சிரிக்கவில்லை.

கோப்பை மறுபடி புரட்டினேன்.
வலிப்பு வந்த நாளிலிருந்து எண்ணாமல்
நாங்கள் கடிதம் போட்ட நாளிலிருந்து எண்ணியிருந்தார்கள்.
ஏழு வாரம்.
என் சொல்லுக்கு அங்கே எடை இல்லை;
ஆனாலும் மேலே எழுதினேன், இரண்டு முறை.
இரண்டாவதற்கு ஒரே வரியில் பதில்: திருத்தப்பட்டது.

பதினோராம் மாதம் கார்டிஃப்பிலிருந்து அழைப்பு.
பட்டியல் பதினேழுவரை இறங்கிவிட்டதாம்.
ஸ்வான்சீயில் ஓர் இடம், மூன்றாம் மாடி, மருத்துவப் பிரிவு,
உங்களுக்கு வசதிப்படுமா?
நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன்.
வலது கைப்பிடியில் பஞ்சு பிதுங்கியிருந்தது.
வசதிப்படும், என்றேன்.
கழுத்து நாடா மட்டும் நிறம் மாறியது.

இந்த அக்டோபரில் லூசியன் வந்திருக்கிறான்,
நேர்வாசல் வழியாக, ஆறு மாதத்துக்கு; பிறகு வேறு துறை.
நல்ல பையன். ஸ்டேப்ளர் எங்கே என்று என்னைக் கேட்கிறான்.
அந்தப் பாலத்தைப் பற்றி அவனும் விவாதித்திருக்கிறான்.
கட்டலாம் என்றானாம்.

உள்ளே இருப்பவர்களுக்கும் அந்த வாசல் திறக்குமாம்,
அதே கேள்வியோடு.
மதிய இடைவேளையில் தட்டச்சு செய்கிறேன்.
இருநூற்று அறுபத்தெட்டு வருகிறது.
லாரியை எடுத்துவிட்டால் இட்வால் யாரோ ஆகிவிடுகிறார்.
'இரண்டு முறை'யை வெட்டினால் பொய்.
'கடினமான' என்பதை மட்டும் எடுத்தேன்.
இருநூற்று அறுபத்தேழு.