எண்பத்தாறு, நான்காம் காலாண்டு

ஜெஸ்காஸ்கன் செம்பு ஆலையில்
முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதியவள் நான்.
கூட்டிப் பாராமல் எதையும் நம்பியதில்லை,
அண்ணன் யெஸிர்கெப்பின் கைக்கடிகாரம் தவிர.

அது விண்வெளி போய்வந்தது என்பான்.
ஒவ்வொரு கல்யாணத்திலும் சொன்னான்:
குறி தவறிப் புல்வெளியில் விழுந்த கலம்,
உள்ளிருந்து வந்த மனிதன்
நிற்க மாட்டாமல் இவன் தோளில் சாய்ந்தது,
மணிக்கட்டிலிருந்து கழற்றி
வைத்துக்கொள் என்றது.
முதலில் பனி முழங்கால் அளவு.
என் மகள் கல்யாணத்தில் இடுப்பு வரை ஏறிவிட்டது.
ஓநாய்கள் பிறகுதான் வந்தன.

சாகும்போது எனக்கென்று எழுதிவைத்தான்.
அவன் மகன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அல்மாட்டியிலிருந்து ஒருவர் வந்தார்,
பழம்பொருள் சேர்ப்பவர், வெள்ளைக் கையுறை.
கதை மெய்யென்றால் ஒரு வீட்டின் விலை தருவாராம்,
பொய்யென்றால் ஒரு செம்மறியின் விலை.
"நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும்."
எழுதியிருப்பேன்.
முப்பத்தோரு வருடப் பழக்கம் விடவில்லை.

கரகண்டாவில் வில்டெமார் ஷ்டோல்,
முடிவெட்டும் கடைக்குள் ஒரு மேசை.
மூடியைத் திருகித் திறந்தார்.
உள்ளே இன்னொரு மூடி, தூசிக்கு.
அதையும் எடுத்துவிட்டு
கண்ணில் செருகிய கண்ணாடியோடு
வெகுநேரம் பேசாதிருந்தார்.
"உன் அண்ணன் சொன்ன குளிர்காலம் எது?"
எழுபத்தொன்பது.
"இந்த எந்திரம் எண்பத்தாறு, நான்காம் காலாண்டு.
அப்பன் கல்யாணத்தில் சாப்பிட்டேன் என்று
பிள்ளை சொல்கிறது, அம்மா."

சுத்தம் செய்து எண்ணெய் விட்டார்.
நாலாயிரம் டெங்கே. ரசீது வாங்கிக்கொண்டேன்.

இரவுப் பேருந்தில் அது என் பையில் ஓடிக்கொண்டிருந்தது,
பொய் சொன்ன நெஞ்சு மாதிரி இல்லை,
சீராக.

வீட்டில் அவன் தகர டப்பாவைக் கவிழ்த்தேன்.
எண்பத்தேழு பிப்ரவரி: பெரிய அங்காடியின் பில்,
கைக்கடிகாரம் ஒன்று, அறுபத்தெட்டு ரூபிள்.
அதே வாரம்: ஊனத் தொகை பெற்ற கையெழுத்து,
ஏழு வருடம் தாமதம்.
அதற்கும் அடியில், மடிப்பில் கிழிந்த மருத்துவத் தாள்:
இடக்கை, மோதிரவிரலும் சுண்டுவிரலும்.
தேடுதல் பணி, வாகனம் பதினான்கு.
வெடித்த எரிபொருள் குழாயை
வெறுங்கையால் அடைத்துப் பிடித்தது,
சுமார் ஆறு மணி நேரம்.
வெப்பநிலை கழித்தல் முப்பத்தெட்டு.

அந்த வருடம் நான் வெளியூரில் படித்தேன்.
திரும்பி வந்தபோது கை கையுறைக்குள் இருந்தது.
கேட்கவில்லை.
எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு
ஏதாவதொரு விரல் இருக்காது.
ஆலை தின்றது என்று விட்டுவிடுவோம்.

இல்லாத விரலை யாருக்குக் காட்டுவது?
முள் இருக்கிற ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வாகனம் பதினான்கு
கலத்தைப் போய்ச் சேர்ந்ததா? தாளில் இல்லை.
வேறு வண்டி முந்தியிருக்கலாம்.
இவன் தோளில் எவரும் சாயாமலே
விடிந்திருக்கலாம்.
இதையும் எழுதினேன் கடிதத்தில்:
"கடிகாரம் போகவில்லை.
விண்வெளிக்கும் புல்வெளிக்கும் நடுவே
அன்றிரவு ஓர் இரும்புக் குழாய் இருந்தது,
அதில் என் அண்ணனின் இரண்டு விரல்கள்.
இதற்கு என்ன விலை என்று உங்கள் பட்டியலில் பாருங்கள்."

மரியாதையான பதில் வந்தது: செம்மறி.

விற்கவில்லை. நாளைக்கு நாற்பது வினாடி முந்துகிறது.
காலையில் திருத்துவேன், மறந்தால் விட்டுவிடுவேன்.
ஷ்டோலின் ரசீது டப்பாவில், தேதிவாரியாக,
பிப்ரவரிக்குப் பின்னால்.

இலையுதிர்காலத்தில் அவன் பேரன் கல்யாணம்.
குடித்த குரல்கள் என்னைக் கதை சொல்லச் சொன்னன.
குழாயைச் சொன்னேன். விரல்களைச் சொன்னேன்.
மகன்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பனி எவ்வளவு என்றார்கள்.
முழங்கால், என்றேன்.
ஓநாய்கள்? என்றான் ஒரு பொடியன்.
ஓநாய்களுக்கு ரசீது இல்லை.