மயானம் நீங்கலாக

நொத்தாரிஸ் வாசிக்கிறார்:
சாகாமத்துக்கு மேற்கே கூழாவடிக் கண்டத்தில்
ஏழு அவணம் நெற்காணி.
வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை,
தெற்கே சாமித்தம்பி பெண்சாதியின் வயல்,
மேற்கே காடு.
இதற்குள் மயானம் நீங்கலாக.

மேற்கே இப்போது காடில்லை, அரிசி ஆலை.
திருத்துகிறார்.

‘நீங்கலாக’ என்ற சொல்லை
அம்மாவின் உறுதியிலும் பார்த்திருக்கிறேன்,
கறையான் ஓரம் தின்ற
அதற்கு முந்திய உறுதியிலும்.
சீதனம் சீதனமாய்
பெண்ணுக்குப் பெண் கைமாறிய காணி.
செத்தவர்களை மட்டும்
யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஏரம்பப்போடி காடு வெட்ட வந்தபோது
மூன்று கோடரி, ஒரு கிடாரம், பதினொரு பேர்.
முதல் வெள்ளாமை கதிர் தள்ளுமுன்னே
முதல் குழி.
பரணில் காவல் கிடந்த மீராலெவ்வை.
யானை.
அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோக
பாதையெல்லாம் மாரி வெள்ளம்.
ஓதத் தெரிந்த மாட்டுக்காரன் ஒருவனைத் தேடிப் பிடித்து
வடக்கே தலைவைத்து அடக்கினார்கள்.

பிறகு வந்தவர்களுக்குத் தலை தெற்கே.
சீனித்தங்கமும் பெயர் வைக்காத பிள்ளையும் ஒரு குழியில்.
காய்ச்சல் வருடம் மூன்று பேர், ஒரே கிழமையில்.
போடியார் எழுபத்தொன்பது வரை இருந்தார்.
சூடு மிதித்த நெல்லை அளந்துகொண்டிருக்கும்போதே போனார்;
மரைக்கால் பாதிதான் நிறைந்திருந்ததாம்.
அவருக்குச் சீமெந்து. மற்றவர்களுக்கு மண்.
அதற்குப் பிறகு எல்லோரும்
தம்பிலுவில் சவக்காலைக்குப் போனார்கள்.

தொண்ணூறில் ஓடினோம்.
பத்தொன்பது வருடம் கழித்து வந்தபோது
காடு தன் பங்கை எடுத்திருந்தது.
வெட்டி, எரித்து, எண்ணினால்
ஒன்று கூட.
உள்வாங்கிய மண். நீளம் குறைவு.
தலைமாட்டில் ஒற்றை ரப்பர் செருப்பு.
அண்ணன் தோண்டிப் பார்ப்போம் என்றான்.
பிறகு அவனே மண்வெட்டியைத்
தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.
செருப்பு என் கையில் இருந்தது.
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

“பழைய உறுதியில ஐஞ்சு குழி எண்டிருக்கு.
அப்படியே போடவா?”

ஒப்பம் வைக்க வந்த மகள்
போனிலிருந்து தலை தூக்குகிறாள்.

“ஏழெண்டு போடுங்க.”

“ஏழா? ஆர் ஆர்?”

“ஏழு.”

எல்லை என்ன என்கிறார்.
வேலி இல்லை, கல் இல்லை.
போகத்துக்குப் போகம்
உழவு மெசின் ரபியுதீன் அந்த இடம் வந்ததும்
யாரும் சொல்லாமலே சில்லை வளைத்துத் திருப்புகிறான்.
அந்த வளைவுதான் என்றேன்.

அதை எந்தத் திசையில் எழுதுவதென்று தெரியாமல்
நொத்தாரிஸ்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.