குளிசை மட்டை வெள்ளி

குருநகர்த் தொடர்மாடியில் எங்கள் வீட்டில் மட்டும்
இன்னும் மரம் வைக்கவில்லையென்று
பிரின்சி மூன்று நாளாய் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.
சவுக்கங்கொப்பு வெட்டினால் பொலிஸ்.
கடைப் பிளாஸ்ரிக் மரத்தின் விலையைக் கேட்டோம்,
கேளாதமாதிரித் திரும்பி வந்தோம்.

ஆகையால் குடை.
போன கிழமைக் காற்று பண்ணைப் பாலத்தில்
பிரட்டிப்போட்ட குடை.
துணியை உரித்தேன். மாப்பேணிக்குள் மணல் நிரப்பிப்
பிடியை நட்டேன்.
குடையுமில்லை, மரமுமில்லை,
தின்று முடித்த மீன் முள்ளு.
பொறு பிள்ளை, என்றேன், சதை வைப்பம்.

மாப் பக்கற்றின் உள்பக்கத்தில் அப்படியொரு மினுக்கம்,
இத்தனை வருசம் தேத்தண்ணி ஊற்றியும் பார்த்ததில்லை.
எரிந்துபோன பல்புக்கு என் நகப்பூச்சு.
அவர் பஸ்ஸின் மிச்ச ரிக்கெற் சுருள்கள்
காரைநகர், மூளாய், வட்டுக்கோட்டை என்று
கம்பிக்குக் கம்பி தொங்கின.

பிறகுதான் அவருடைய குளிசை மட்டைகள்.
வெறும் மட்டை ஐந்தை ஓரம் கத்தரித்துக் கட்டினால்
நல்ல வெள்ளியொன்று வரும்.
பெட்டியின் அடியில் கிடந்தவை வெறும் மட்டை இல்லை.
"அம்மா, இதுக்குள்ள குளிசை இருக்கு."
எண்ணினேன்.
பதினொன்று.

கிளினிக்கில் பிறசர் ஏறியதற்கு
நான் கருவாட்டை அல்லவா பழி சொன்னேன்.
மூன்று மாதமாய்ச் சொதியில் உப்பில்லை.
அந்த மனிசனும் வாய் திறக்காமல் குடித்தது.

ஒன்றையும் உடைக்கவில்லை.
பதினொன்றும் உள்ளே இருக்கத்தக்கதாய்
ஒரு வெள்ளி கட்டி
கதவைப் பார்த்த கம்பியில் தொங்கவிட்டேன்.

ஒன்பது மணிக்கு நனைந்து வந்தார்.
குடையைக் கண்டு சிரித்தார்.
வெள்ளியைக் கண்டார்.
சேட்டின் இரண்டாம் பொத்தானில் கை நின்றது.

"பொன்னாலைப் பாலத்தில எங்க நிப்பாட்டுறது, சொல்லு?
பின்னால அறுபது சனம்.
அதைப் போட்டால்
அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா முட்டுது."

சண்டைக்கென்று அடுக்கி வைத்த சொல்லெல்லாம்
எங்கே போனதோ.
பிரின்சிதான் முதலில் சிரித்தாள்.

புதன்கிழமை கிளினிக்கில் மிஸ்ஸிடம் கேட்டேன்.
டியூட்டி முடிஞ்சு வந்து போடட்டுமன்,
இதைக் கேக்க மூண்டு மாசமோ என்றா.

அன்றிலிருந்து பின்னேரப் பஸ்ஸை யூட்சனுக்குக் கொடுத்துவிட்டு
நாலரைக்கு வருவார்.
செருப்பைக் கழற்றி, மரத்தடிக்குப் போய்,
வெள்ளித்தாளைக் கிழித்து ஒன்றை எடுத்து
வெறுந்தேத்தண்ணியோடு விழுங்குவார்.
பிரின்சி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள்.
ஒருநாள் மறந்தார், ஒருநாள் என்னோடு கோபம்.
பாதிரி பூசைக்கு மணியடித்த இரவில்
இரண்டு மிச்சம் இருந்தன,
மற்ற இடமெல்லாம் கிழிசல்.
அதிலும் வடிவாய்த்தான் இருந்தது வெள்ளி.

நத்தாரன்று சொதிக்கு
உப்புப் போட்டேன்.
கொஞ்சம்.